டாக்டர் வால்ட்டர் சிஸ்ட்ரங்க்

புறத்தே தோன்றும் நோயைக் கண்டு அதன் வேரைக் காணாதொழிதல் வைத்தியர்க்கேயன்றி மாந்தர் யாவர்க்கும் உரிய குறையாம். வேரைத் தேடிக் களைந்து புகழ் பெற்ற இரணசிகிச்சை நிபுணரொருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

வால்ட்டர் எல்லிஸ் சிஸ்ட்ரங்க் 1880ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு அலபாமா மாகாணத்திற் பிறந்தார். டுலேன் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்று, மினசோட்டா மாகாணத்து மேயோ வைத்தியசாலையிற் பல்லாண்டு பணிபுரிந்தார். நம் கடற்கரையோர மக்களை நெடுங்காலம் வருத்திய யானைக்கால் நோய்க்குக் கிரேக்கராகிய கொண்டோலியான் வகுத்த சிகிச்சையைத் திருத்தியமைத்தவரும் இவரே. எனினும், இவர் பெயரை நிலைநாட்டியது கழுத்துக் கட்டியின் சிகிச்சையேயாம்.

கருவிலுள்ள மகவின் நாவடியில் தைராய்டுச் சுரப்பி தோன்றிக் கழுத்துக்கு இறங்குகின்றது. அது வந்த வழியாகிய குழல் பிறப்பதற்கு முன்னரே மறைதல் இயல்பு. மறையாது எஞ்சின், அதனுள் நீர் கோத்துக் கட்டியாகும். விழுங்கும்போதும் நாவை நீட்டும்போதும் அக்கட்டி மேலெழும். கட்டியை மட்டும் அறுத்தெடுத்த காலத்தில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது மீண்டும் தோன்றிற்று. ஷ்லாங்கே என்னும் ஜெர்மானியர் 1893இல் நாவடி எலும்பின் நடுப்பகுதியையும் சேர்த்து நீக்கலானார். சிஸ்ட்ரங்க் 1920இல் இன்னும் ஒருபடி மேற்சென்றார். எலும்பிற்கு மேலுள்ள குழல் மிக மெல்லியதாய்க் கத்திக்குத் தப்புதலை உணர்ந்து, அதனைத் தனியே பிரிக்க முயலாது, சூழ்ந்த தசையோடு நாவடி வரை அகழ்ந்தெடுத்தார். நோய் மீளுதல் நூற்றுக்குப் பத்தினும் குறைந்தது.

இக்கட்டி சிறாரிடத்தே மிகுதியாயினும், அறுபது கடந்தார்க்கும் முதன்முறை வெளிப்படுவதுண்டு. அவ்வயதில் நீர்க்கட்டிபோல் தோன்றுவது தொண்டையிலிருந்தோ தைராய்டிலிருந்தோ பரவிய புற்றாகவும் இருத்தல் கூடும். ஆதலின் ஒலியலைப் படமும், ஊசியால் உறிஞ்சியெடுத்துச் செய்யும் சோதனையும் முதற்கண் வேண்டப்படும். சுரப்பி தன் இடத்தில் உளதா என்பதும் காணப்படும்; சிலர்க்குக் கட்டியிலுள்ளதே முழுச் சுரப்பியாம். இருதயத்தின் நிலையையும் நீரிழிவையும் ஆராய்ந்த பின்னரே முதியோர்க்குக் கத்தி எடுத்தல் முறை.

சிஸ்ட்ரங்க் 1933இற் காலஞ்சென்றார். நம் இராயபுரத்து ஸ்டான்லி வைத்தியப் பள்ளி 1938இற் கல்லூரியாய் உயர்ந்தது. அவர் பெயரால் வழங்கும் சிகிச்சையை இன்றும் வைத்திய மாணவர் கற்கின்றனர்.

துறைமுகத்திலும், திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளிலும் உழைத்து ஓய்ந்த முதியோர் பலர், வலியில்லாக் கட்டியை வயதின் குறியெனக் கருதி வாளாவிருப்பர். வலியின்மை நோயின்மை ஆகாது. அன்னாரை வைத்தியரிடம் காலத்தே அழைத்துச் செல்லுதல் இளைஞராகிய நம் கடனாம். வேரைக் கண்ட பெரியார்க்கு யாம் செலுத்தும் நன்றியும் அதுவே.