யார் இந்த அம்ரிதா ஷெர்கில்? தன்னையே திரும்பத் திரும்ப வரைந்தது ஏன்?

அப்பா பஞ்சாப் சீக்கியர், அம்மா ஹங்கேரியப் பாடகி. 1913 ஜனவரி 30-ல் புடாபெஸ்ட்டில் பிறந்தார் அம்ரிதா ஷெர்கில். 8 வயதில் சிம்லா, 16 வயதில் பாரிஸ். எந்த ஊர்ப் பொண்ணுன்னு கேட்டா ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாத வாழ்க்கை.

பாரிஸில் படித்தபோது கண்ணாடி முன் உட்கார்ந்து தன்னையே பலமுறை வரைந்தார். அதில் முக்கியமானது 1934-ல் வரைந்த, தன்னை தஹிதித் தீவுப் பெண்ணாகக் காட்டும் ஓவியம். பிரெஞ்சு ஓவியர் காகன், அந்தத் தீவுப் பெண்களை வெளியாளாகப் பார்த்து வரைந்து புகழ்பெற்றவர். அம்ரிதாவோ அந்த இடத்தில் தன் உடம்பையே நிறுத்தினார். பின்னால் ஒரு ஆணின் நிழல். அவர் பார்வை மட்டும் வேறெங்கோ. இதே பாரிஸில் படித்த சீன ஓவியர் பான் யூலியாங்கும் இப்படித் தன்னைத் தானே வரைந்து தள்ளியவர்தான்.

அந்த ஆண்டே இந்தியா திரும்பினார். பிறகு அஜந்தா, கொச்சி, கன்னியாகுமரி என்று பயணம். அதன் விளைவாக 1937-ல் வந்ததுதான் சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார் ஓவியம். கறுத்த மேனி, பேசாத முகங்கள். எங்க காட்டேரிக்குப்பம் வயக்காட்டில் இன்னைக்கும் பார்க்கிற முகங்கள்தான். அதை வரைந்தவரும் வெளியிலிருந்து வந்தவர்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

1941 டிசம்பர் 5-ல் லாகூரில் இறந்தார். வயது 28. 2023-ல் அவரது ஓவியம் ஒன்று ரூ.61.8 கோடிக்கு ஏலம் போனது.