குடும்பத்தைச் சிகிச்சைக்குள் அழைத்தவர்: மருத்துவர் வித்யா சாகர்

இந்திய மனநல மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட முன்னோடி மருத்துவர் வித்யா சாகர். 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பணியாற்றினார். நோயாளியைச் சேர்த்துவிட்டுக் குடும்பத்தினர் விலகிவிடுவதே அன்றைய வழக்கம். பலர் வீடு திரும்பவே இல்லை. வித்யா சாகர் மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அமைத்து, உறவினரை நோயாளியுடன் தங்கச் செய்தார். நோயின் தன்மையையும் பராமரிப்பு முறையையும் அவர்களுக்கு விளக்கினார். நோயாளிகள் தேறி வீடு திரும்பினர். உறவினரின் அச்சமும் குறைந்தது. 1957-இல் தொடங்கப்பெற்ற வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மனநல மையத்திலும் குடும்பத்தினர் உடன் தங்கும் முறை அமைந்தது.

உண்ணுதல் கோளாறுகளுக்கும் இவ்வழி பொருந்தும். உடல் பருத்துவிடும் என அஞ்சி உணவைத் தவிர்க்கும் வளரிளம் பருவத்தினருக்கு, மருத்துவரின் வழிகாட்டுதலோடு பெற்றோர் ஒவ்வொரு வேளையும் உடனமர்ந்து உண்ணச் செய்வது இன்று முதன்மையான சிகிச்சை. நோய்க்குப் பெற்றோர் மீது பழி சுமத்துதல் தவறு. குணமாவதற்கு அவர்களே பெருந்துணை. கண்டிப்பதைத் தவிர்த்துப் பொறுமையுடன் உறுதியாக இருங்கள். மயக்கமோ கடும் மெலிவோ இருப்பின் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

குமாரபாளையம் பகுதியினர் அரசு மருத்துவமனை வழியாக மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரை அணுகலாம். டெலிமானஸ் 14416 எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் ஆலோசனை பெறலாம்.