காமினி பொன்சேகா: திரையில் தமிழனாக வாழ்ந்து காட்டிய சிங்களக் கலைஞன்

இலங்கைத் திரைப்படத் துறையின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் காமினி பொன்சேகாவைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. அவர் 2004 ஆம் ஆண்டு செப்டெம்பர் 30 ஆம் திகதி மறைந்தார். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. சிங்கள மக்கள் அவரைத் தமது திரையுலகின் ஈடிணையற்ற நாயகனாக இன்றும் போற்றுகின்றனர். ஆயினும் இந்நாட்டின் தமிழ் பேசும் மக்களுக்கும் அவர் நினைவுகூரப்பட வேண்டியவர் என்பதை நம்மிற் பலர் மறந்துவிட்டோம். இளந்தலைமுறையினரோ அறிந்திருக்க வாய்ப்பே இல்லை. அவ்வாழ்வை ஒருமுறை மீட்டுப் பார்ப்பது, திரைப்பட விழாக்கள் பெருகிவரும் இக்காலத்திற்குப் பொருத்தமானதாகும்.

செம்புகே காமினி ஷெல்டன் பொன்சேகா 1936 ஆம் ஆண்டு மார்ச் 21 ஆம் திகதி தெகிவளையில் பிறந்தார். தமிழர் செறிந்து வாழும் வெள்ளவத்தைக்குத் தெற்கே அடுத்திருக்கும் ஊர் அது. கல்கிசை சென். தோமஸ் கல்லூரியிற் கல்வி பயின்ற அவ்விளைஞருக்கு நடிகனாக வேண்டும் என்ற எண்ணம் தொடக்கத்தில் இருக்கவில்லை. ஒளிப்பதிவாளராக வர வேண்டும் என்பதே அவரது கனவாக இருந்தது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் தமது முதற் கதைப்படமான ரேகாவவை உருவாக்கியபோது, அக்குழுவில் உதவியாளராகச் சேர்ந்துகொண்டார். 1956 இல் வெளிவந்த அப்படத்தில் கூட்டத்தில் ஒருவராக அவர் முகமும் ஓரிடத்தில் தோன்றி மறைந்தது.

ரேகாவ வெளிவந்த காலத்தின் தன்மையை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். முதலாவது சிங்களப் பேசும் படமான கடவுனு பொரொந்துவ 1947 இல் வெளியானது. அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். படமாக்கப்பட்ட இடம் மதுரை. அதன்பின் பல ஆண்டுகள் சிங்களப் படங்கள் தென்னிந்திய ஸ்ரூடியோக்களிலேயே, தென்னிந்தியத் தொழில்நுட்பக் கலைஞர்களின் கைவண்ணத்திலேயே உருவாகின. ரேகாவ அம்மரபை விட்டு விலகி, கிராமத்து வெளியிலே, இயற்கை ஒளியிலே படமெடுத்துக் காட்டியது. புதிய பாதையொன்று திறந்த அந்த நாளில்தான் காமினியும் திரையுலகிற் காலடி வைத்தார்.

எனினும் சிங்களத் திரை தமிழரையும் முஸ்லிம்களையும் விட்டு விலகிவிடவில்லை. 1960 இல் லெஸ்டர் இயக்கிய சந்தேசய என்ற படத்தில் காமினிக்குக் குறிப்பிடத்தக்க வேடம் கிடைத்தது. அதன் தயாரிப்பாளர், சினிமாஸ் நிறுவனத்தை வளர்த்தெடுத்த கே. குணரத்தினம். காமினி நாயகனாகப் புகழின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த 1964 இல் வெளிவந்த தீவரயோ படத்தை எம். மஸ்தான் இயக்கினார். சேலத்திற் பிறந்து கொழும்பிற்கு வந்த மொஹிதீன் பேக், சிங்களத் திரைப்பாடல்களிலும் பௌத்த பக்திப் பாடல்களிலும் அழியாத இடத்தைப் பெற்றிருந்தார். ஆர். முத்துசாமி, எம். கே. ரொக்சாமி ஆகியோர் சிங்களப் படங்களுக்கு இசை வழங்கினர். மூவினத்தவரும் சேர்ந்து கட்டிய மாளிகையிலேதான் காமினி நாயகனாக முடிசூடினார் எனின் அது மிகையாகாது.

அவரை நாடறிந்த நாயகனாக்கிய படம் 1962 இல் வெளிவந்த ரன்முத்து தூவ. முதலாவது வர்ணச் சிங்களப் படம் அது. எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் நண்பரான மைக் வில்சன் அதனை இயக்கினார். கதையின் களம் திருகோணமலை. கோணேசர் மலையின் அடிவாரக் கடலையும் அக்கடலின் ஆழத்தையும் சிங்கள இரசிகர் அதுவரை திரையிற் கண்டதில்லை. தமிழர் வாழும் கிழக்குக் கரையிலிருந்தே சிங்கள இளைஞரின் புதிய நாயகன் எழுந்து வந்தான். அதே திருகோணமலைக்கு, வேறொரு வேடத்தில், முப்பத்து மூன்று ஆண்டுகளின் பின்னர் அவர் திரும்பி வரவிருந்தார்.

அடுத்து வந்த ஆண்டுகளில் அவர் நடிப்பின் வீச்சு விரிந்தது. மார்ட்டின் விக்ரமசிங்கவின் நாவலைத் தழுவி லெஸ்டர் உருவாக்கிய கம்பெரலியவில் ஜினதாஸ என்ற அமைதியான மனிதனாக நடித்தார். அப்படம் 1965 இல் புதுடில்லித் திரைப்பட விழாவில் தங்க மயில் விருதை வென்றது. 1972 இல் வந்த நிதானயவில், புதையலுக்காகத் தன் மனைவியையே பலிகொடுக்கத் துணியும் வில்லி அபேநாயக்கவாக அவர் நடித்தார். வெனிஸ் விழாவிற் பாராட்டுப் பெற்ற அப்படம், சிங்கள சினிமாவின் முதல் ஐம்பது ஆண்டுகளிற் சிறந்த படமாக 1997 இல் தெரிவுசெய்யப்பட்டது. இடையில் 1971 இல் டி. பி. நிஹால்சிங்க இயக்கிய வெலிகதர, அவரை யாழ் குடாநாட்டின் மணற்பரப்புகளுக்கு அழைத்துச் சென்றது. கடத்தல் முதலாளியை எதிர்கொள்ளும் பொலிஸ் அதிகாரியாக அதிலே தோன்றினார்.

நடிப்போடு நின்றுவிடாமல் இயக்குநராகவும் அவர் தடம் பதித்தார். 1966 இல் வந்த பரசத்து மல் அவரது முதல் இயக்கம். வெகுசன நாயகன் ஒருவன் தான் இயக்கும் முதற் படத்திலே தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்வதே வழக்கம். காமினியோ பெண்களின் வாழ்வைச் சிதைக்கும் நிலவுடைமையாளனின் வேடத்தைத் தமக்கென எடுத்துக்கொண்டார். இரசிகரின் கைதட்டலைவிடக் கதையின் உண்மையே பெரிது என்ற துணிவு அவரிடம் இருந்தது. அத்துணிவே பின்னாளில் தமிழர் மறக்கலாகாத ஒரு பணிக்கு அவரை இட்டுச் சென்றது.

அப்பணிதான் 1979 இல் வெளிவந்த சருங்கலே. பட்டம் என்பது அச்சொல்லின் பொருள். பேராசிரியரும் பாடலாசிரியருமான சுனில் ஆரியரத்ன அதன் இயக்குநர். கதையின் நாயகன் நடராஜா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில் அரசாங்க எழுதுவினைஞராகப் பணிபுரியும் தமிழர். கோட்டும் கோப்புமாக அலுவலகம் சென்று வரும் தனியாள். அயலிலுள்ள சிங்களக் குடும்பத்தோடும் அவ்வீட்டுச் சிறுமியோடும் அவருக்குப் பாசம் மலர்கிறது. இறுதியில் இனக்கலவரம் அவரைப் பலிகொள்கிறது. நடராஜாவாக நடித்தவர் காமினி. அவர் வாயில் யாழ்ப்பாணத் தமிழ் ஒலித்தது.

அக்காலத்தின் சூழலை எண்ணிப் பார்த்தாலன்றி இதன் கனம் நமக்கு விளங்காது. 1977 ஆம் ஆண்டின் வன்செயல்கள் முடிந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 ஜூலையிற் கொண்டுவரப்பட்டது. தமிழர் என்றாலே சந்தேகக் கண்ணோடு நோக்கும் மனநிலை தெற்கில் வளர்ந்துகொண்டிருந்தது. அவ்வேளையில், அடியாட்களை அடித்து வீழ்த்தும் வீரனாகச் சிங்கள இரசிகர் கொண்டாடிய அதே முகம், தமிழன் என்ற ஒரே காரணத்துக்காக வீதியிலே உயிரிழந்து கிடந்தது. அறியப்படாத நடிகர் ஒருவர் அவ்வேடத்தை ஏற்றிருப்பின், யாரோ ஒரு தமிழரின் துயரமாக அது கடந்து போயிருக்கும். தாம் நேசித்த காமினி மடிந்தபோது, அந்த இழப்பைத் தமது இழப்பாகவே உணரும் கட்டாயம் பார்வையாளருக்கு ஏற்பட்டது. தமது புகழையே முதலாக வைத்து அவர் செய்த காரியம் இது.

அப்படம் தமிழரைப் புகழ்ந்து பாடிய படமும் அன்று. யாழ்ப்பாணச் சமூகத்தின் சாதிக் கொடுமையையும் அது மறைக்காமற் காட்டியது. நடராஜாவின் தங்கை தாழ்த்தப்பட்ட சமூகத்து இளைஞனை விரும்பியதால் விளைந்த துயரம், இனவாதத் துயரத்திற்கு இணையாகவே கதையில் இடம்பெற்றது. ஒரு சமூகத்தை உண்மையாக நேசிப்பவன் அதன் காயங்களோடு குறைகளையும் சேர்த்தே காண்பான் என்பதற்கு இது சான்றாகும்.

கலை மனிதரின் மனத்தைத் தொடலாம். ஆனால் வெறிகொண்ட கூட்டத்தைத் தடுத்து நிறுத்த அதனால் இயலாது என்பதை 1983 ஜூலை காட்டியது. குணரத்தினம் ஹெந்தளையில் அமைத்திருந்த விஜயா ஸ்ரூடியோ எரியூட்டப்பட்டது. படச்சுருள்கள் சாம்பலாயின. சிங்களப் படங்களை இயக்கி வந்த தமிழரான கே. வெங்கட் கொல்லப்பட்டார். சிங்கள இரசிகருக்காகவே உழைத்தவர்களுக்கு நேர்ந்த கதி இது. குணரத்தினமும் 1989 இல், நாடு மற்றொரு வன்முறைச் சுழலிற் சிக்கியிருந்த நாட்களிற் சுட்டுக்கொல்லப்பட்டார். நடராஜாவின் முடிவைத் திரையிற் கண்டு கலங்கிய நாடு, நான்கே ஆண்டுகளில் அதனை ஆயிரக்கணக்கான இல்லங்களில் நிகழ்த்திப் பார்த்தது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் அந்நாட்களைக் கடந்து வந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆட்சியதிகாரத்தின் அத்துமீறலைச் சாடிய சாகரயக் மெத என்ற படத்தை 1981 இல் இயக்கிய காமினி, பின்னர் தாமே அரசியலுக்குள் நுழைந்தார். 1989 பொதுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் மாத்தறை மாவட்டத்திலிருந்து பாராளுமன்றத்திற்குத் தெரிவாகி, 1994 வரை பிரதிச் சபாநாயகராகக் கடமையாற்றினார். அதே 1994 இல் அவர் இயக்கி வெளியிட்ட நொமியென மினிஸ்சு, போர்முனையில் நிற்கும் இராணுவத்தினரை மையமாகக் கொண்டது. சருங்கலேயின் நடராஜாவைத் தம்மவராக ஏற்றுக்கொண்ட தமிழ் மக்களில் எத்தனை பேர் இப்படத்தோடு ஒன்றியிருக்க முடியும் என்பது நியாயமான கேள்வியே. ஒருவரின் வாழ்வை எழுதும்போது நமக்கு உவப்பானதை மட்டும் பொறுக்கியெடுத்தல் நேர்மையாகாது. போர் பிளந்துவிட்ட நாட்டில், ஒரே கலைஞனின் உள்ளமும் இருபுறமும் இழுபட்டது என்றே இதனைக் கொள்ள வேண்டும்.

1995 இல் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க அவரை வடக்கு கிழக்கு மாகாண ஆளுநராக நியமித்தார். அப்போது இரு மாகாணங்களும் இணைந்திருந்தன. மாகாண சபை 1990 இலேயே கலைக்கப்பட்டிருந்தது. ஆளுநரின் பணிமனை இயங்கியது திருகோணமலையில். ரன்முத்து தூவவின் இளம் நாயகன் அக்கடற்கரைக்கு அரச பிரதிநிதியாக மீண்டும் வந்தார். அவர் பதவியேற்ற ஆண்டின் ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தனர். 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களோ புத்தளத்து முகாம்களில் வாடிக்கொண்டிருந்தனர். போரின் போக்கைத் தீர்மானிக்கும் அதிகாரம் கொழும்பிடமும் ஆயுதம் தாங்கியோரிடமுமே இருந்தது. ஒரு ஆளுநரால் செய்யக்கூடியதற்கு எல்லை மிகக் குறுகியதாக இருந்தது. 1998 வரை அப்பதவியில் இருந்த அவர், பின் பொதுவாழ்விலிருந்து ஒதுங்கினார். தமது அறுபத்தெட்டாவது வயதில் ஜா-எலவிலுள்ள இல்லத்திற் காலமானார்.

அரசியலில் அவர் வகித்த பதவிகளைக் காலம் மெல்ல மறந்துவிடும். எஞ்சி நிற்பவை அவரது படங்களே. ஆனால் அவையும் தாமாக நிலைத்துவிடுவதில்லை. நிதானயவின் மூலச்சுருள் கெட்டழிந்துபோக, எஞ்சிய பிரதிகளைக் கொண்டு 2013 இல் வெளிநாட்டு உதவியுடனேயே அது புதுப்பிக்கப்பட்டது. பெரும் புகழ் பெற்ற படத்தின் நிலையே இதுவாயின், ஏனையவற்றின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். படச்சுருள் அழியும்போது ஒரு நாட்டின் நினைவும் அழிகிறது. விஜயா ஸ்ரூடியோவில் எரிந்தவற்றை மீட்க இனி எவராலும் இயலாது. எரியாது எஞ்சியவற்றையாவது காக்க வேண்டாமா?

மறைந்த கலைஞரின் படைப்புகளைத் திரையிட்டு, வளரும் கலைஞருக்கும் மேடையமைத்துக் கொடுப்பதே நல்ல திரைப்பட விழா ஒன்றின் பணி. யாழ்ப்பாணத்தில் 2015 இல் தொடங்கிய சர்வதேச சினிமா விழா, சிங்கள, தமிழ்க் கலைஞர்களை ஒரே அரங்கில் அமரச் செய்து இத்திசையில் வழிகாட்டியது. தலைநகரத்துத் தமிழரும் முஸ்லிம்களும் இதனை ஏன் தமது முயற்சியாக ஏற்கக் கூடாது? வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மண்டபங்களுக்குக் குறைவில்லை. சருங்கலே, வெலிகதர, கம்பெரலிய போன்ற படங்களைத் தமிழ்த் துணைவரிகளுடன் அங்கு திரையிடலாம். அதே மேடையில் நமது இளைஞரின் குறும்படங்களும் காட்டப்படலாம். 1962 இன் சமுதாயம் தொடங்கி, தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் உருவாக்கிய 1977 இன் பொன்மணி வரை, ஈழத்துத் தமிழ்ப்படத்திற்கும் ஒரு மரபு இருந்தது. 1983 இன் பின் அது பெரிதும் அறுந்துபோயிற்று. இன்று கைத்தொலைபேசியிலேயே படமெடுக்கும் வசதி வந்துவிட்ட நிலையில், அம்மரபைத் தொடரத் தடையாக இருப்பது பணமன்று. பார்ப்பதற்கும் விமர்சிப்பதற்கும் ஓர் அவை இல்லாமையே தடை.

அந்த அவையில் நமது இளைஞருக்கு முன்வைக்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. ஒரு சிங்களக் கலைஞர் தமிழனின் உள்ளத்துள் புகுந்து அவன் மொழியைப் பேசி, அவன் சாவைத் தன் சாவாக நடித்துக் காட்டினார். நமது படங்களிற் சிங்களவர் எவ்வாறு வருகின்றனர்? சீருடை அணிந்த முகமற்றவர்களாகவா? தமிழ்ப் படைப்பாளி 1990 இல் வீடிழந்த முஸ்லிம் தாயின் கதையைச் சொல்ல முன்வருவாரா? முஸ்லிம் படைப்பாளி தம் அயலவரான தமிழரின் துயரைத் தம் துயராகக் காட்டுவாரா? காமினி பொன்சேகாவுக்கு நாம் எடுக்கும் விழா, அவரது உருவப்படத்திற்கு மாலையிடுவதோடு நின்றுவிடுமானால் அதனாற் பயனில்லை. நடராஜாவுக்கு அவர் செய்ததை, மற்றொரு சமூகத்தின் மனிதனுக்கு நமது இளங்கலைஞர் ஒருவர் செய்வாராயின், அதுவே அவருக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.