நாவலர் காட்டிய வழி

உபாத்தியாயருக்கு முதலில் வேண்டுவது பாட ஞானமா, போதனாமுறைப் பத்திரமா என்ற விவாதம் நம் நாட்டில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தையொட்டி, எட்டாம் வகுப்பு வரை போதிக்கப் புதிதாக நியமனம் பெறுவோர் தகுதித் தேர்வில் தேறவேண்டுமென்று ஏற்பட்டிருக்கிறது. இச்சமயத்தில், கடலூர் ஜில்லாவைச் சேர்ந்த சிதம்பரத்தில் வித்தியாசாலை கண்ட ஆறுமுக நாவலரின் சரித்திரத்தை நினைவுகூர்வது பொருத்தமென்று கருதுகிறோம்.

1822-ல் யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்த அவர், தமிழ் வித்துவான்களிடம் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் பயின்று, அங்கேயே உபாத்தியாயராகவும் அமர்ந்தார். பெர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றார். உபாத்தியாயர் பயிற்சிக் கலாசாலை எதிலும் அவர் பயின்றவரல்லர். ஆயினும் 1848-ல் மிஷன் உத்தியோகத்தைத் துறந்து, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மறுவருஷம் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் பட்டம் அளித்தது. 1864-ல் சிதம்பரத்திலும் அதே பெயரால் ஒரு வித்தியாசாலை எழுந்தது.

இதைக்கொண்டு புலமை ஒன்றே போதுமென்று வாதிப்போர் அவசரப்படலாகாது. அக்காலத்துத் திண்ணைப் பள்ளிகளில் சிறுவர் பொருளறியாமல் செய்யுட்களை நெட்டுருப் பண்ணினர். மிஷன் பாடசாலையிலோ வகுப்புப் பிரிவும் அச்சுப் புத்தகமும் இருந்தன. தாம் எதிர்த்த பாதிரிமாரிடமிருந்தே அம்முறையைக் கைக்கொள்ள நாவலர் கூசவில்லை. படிப்படியாக ஏறும் பாலபாடங்களை எளிய வசன நடையில் எழுதினார். இலக்கணத்தைச் சுருக்கியும் வினாவிடையாக்கியும் தந்தார். பரிமேலழகர் உரையை ஆராய்ந்து பதிப்பித்த அதே கை, சிறுவனின் முதற் பாடத்தையும் எழுதிற்று. போதனாமுறை அவரிடம் இல்லாமலில்லை. வகுப்பறையே அவருக்குப் பயிற்சிக் கலாசாலையாயிற்று.

அவருடைய கொள்கைகள் யாவும் நமக்கு உடன்பாடல்ல. ஜாதி ஆசாரத்தில் அவர் காட்டிய பிடிவாதம் ஏற்கத்தக்கதன்று. இராமலிங்க அடிகளின் பாடல்களைப் பற்றிய பிணக்கு கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டு வரையில் சென்றதும் வருந்தத்தக்கதே. ஆனால் 1879-ல் அவர் மறைந்த பின்னும் அவர் கண்ட பள்ளிகள் நிலைத்தன.

பாடம் அறியாதவனிடம் போதிக்கப் பொருளில்லை. பிள்ளையின் மனம் அறியாதவனிடம் பொருள் இருந்தும் பயனில்லை. ஆகவே, ஞானத்தை முதலில் சோதியுங்கள். ஞானமுள்ளவனுக்குப் போதனாமுறையைச் சர்க்கார் செலவில், அநுபவமுள்ள உபாத்தியாயரின் வகுப்பிலேயே பயிற்றுங்கள். பத்திரமில்லை என்பதற்காகப் புலவனை வாசலில் நிறுத்துவதும், பத்திரம் உண்டென்பதற்காக அறியாமையை ஆசனத்தில் இருத்துவதும் ஏழைப் பிள்ளைகளுக்கே நஷ்டம். கல்வி இலாகாவினர் இதைக் கவனிப்பார்களாக.