குப்பை வண்டியில் கிடைத்த குடும்பம்

ஆம்ஸ்ட்ராங்னு சொன்னதும் உங்களுக்கு நிலாதான் ஞாபகம் வரும். இவர் அவர் இல்லை. நீல் ஆம்ஸ்ட்ராங் நிலாவில் கால் வைத்தது 1969-ல். அதற்கு நாற்பது வருஷம் முன்பே இசை உலகத்தைப் புரட்டிப் போட்டவர் இந்த லூயி ஆம்ஸ்ட்ராங். ஜாஸ் இசைக்காரர், ட்ரம்பெட் வாசிப்பவர். பாடவும் செய்வார். தொண்டையில் சரளைக்கல்லைப் போட்டு உருட்டின மாதிரி ஒரு குரல். 'வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்' பாட்டை ஏதாவது ஒரு ரீல்ஸிலோ படத்திலோ நீங்க கட்டாயம் கேட்டிருப்பீங்க. அந்தக் குரல் இவருடையதுதான்.

அந்தப் பாட்டைக் கேட்டால், அப்பா அம்மா தாத்தா பாட்டின்னு நிறைஞ்ச வீட்டில் செல்லமா வளர்ந்தவர் போலன்னு தோணும். உண்மை அப்படியே தலைகீழ். பிறக்கும்போது இவருக்குக் கிடைக்காத குடும்பத்தை இசைதான் ஊர் ஊராகச் சேர்த்துக் கொடுத்தது. அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போறேன்.

தகர ஊதுகுழல்

1901 ஆகஸ்ட் 4, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம். கறுப்பின மக்களைத் தனியாக ஒதுக்கி வைத்த காலம். லூயி பிறந்த கொஞ்ச நாளிலேயே அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். அம்மா மேயானுக்குச் சின்ன வயசு, கையில் காசு இல்லை. முதல் சில வருஷங்கள் பாட்டி ஜோசபின்தான் வளர்த்தார். பிறகு அம்மாவிடம் வந்தான். அவர்கள் இருந்த பகுதிக்கு ஊர்க்காரங்க வைத்த பெயர் 'போர்க்களம்'. தினமும் அங்கே அடிதடி நடக்கும், அதனால் அந்தப் பெயர்.

ஏழு வயசு வாக்கில் பையன் வேலைக்குப் போனான். லித்துவேனியாவிலிருந்து பிழைக்க வந்த கர்னோஃப்ஸ்கி என்ற யூதக் குடும்பத்தின் வண்டியில் வேலை. பகலில் பழைய துணி, பாட்டில், எலும்பு வாங்குவது, ராத்திரியில் வீடு வீடாகக் கரி விற்பது. நம்ம தெருவில் பழைய பேப்பர்காரர் குரல் கொடுப்பார் இல்லையா, அதுபோல ஆட்களைக் கூப்பிட அந்த வண்டியில் ஒரு தகர ஊதுகுழல் இருந்தது. அதை ஊதுவது லூயியின் வேலை. உலகத்தின் மிகப் பெரிய ட்ரம்பெட் கலைஞர் ஒருவரின் முதல் மேடை அந்தக் குப்பை வண்டிதான்.

வேலை முடிந்ததும் அவனை அப்படியே அனுப்பிவிட மாட்டார்கள். தங்கள் மேஜையிலேயே உட்கார வைத்துச் சோறு போடுவார்கள். கைக்குழந்தையைத் தூங்க வைக்கப் பாடும் தாலாட்டில் அவனும் கூடச் சேர்ந்து பாடுவான். வெள்ளைக்காரர்கள் அந்த யூதக் குடும்பத்தையும் இளக்காரமாகத்தான் நடத்துகிறார்கள் என்பது அந்த வயசிலேயே அவனுக்குப் புரிந்தது. ஒரு நாள் அடகுக்கடையில் பழைய கார்னெட் ஒன்றைப் பார்த்தான். கார்னெட் என்பது ட்ரம்பெட்டின் குட்டைத் தம்பி மாதிரி. விலை 5 டாலர். அதை வாங்க அந்த வீட்டுக்காரங்கதான் முன்பணம் கொடுத்து உதவினார்கள். அறுபது வருஷம் கழித்து, 1969-ல் உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இதையெல்லாம் தன் கைப்பட பக்கம் பக்கமாக எழுதினார் லூயி. யூதர்களின் அடையாளமான ஆறுமுனை நட்சத்திரத்தை அவர் கழுத்தில் போட்டிருந்தார். அவர் யூதர் இல்லை. அந்தச் சோற்றுக்கான நன்றி அது.

சீர்திருத்தப் பள்ளி

1912 டிசம்பர் 31. புத்தாண்டுக் கொண்டாட்டம். வீட்டிலிருந்து ஒரு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்து வானத்தைப் பார்த்துச் சுட்டான் லூயி. பக்கத்திலேயே போலீஸ். மறுநாளே கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்தப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார்கள். வயசு பதினொன்று.

இதோடு அவன் கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அங்கே ஒரு பேண்ட் இருந்தது, பீட்டர் டேவிஸ் என்ற வாத்தியாரும் இருந்தார். போர்க்களத்துப் பையன் என்பதால் முதலில் அவர் லூயியைப் பக்கத்திலேயே சேர்க்கவில்லை. அப்புறம் மெல்ல மனசு இளகியது. கஞ்சிரா மாதிரியான டாம்பரின், பிறகு ட்ரம், பிறகு காலையில் எழுப்புவதற்கு ஊதும் பியூகிள், கடைசியில் கார்னெட். படிப்படியாக ஏறி அந்த பேண்டுக்கே தலைவன் ஆனான். ஒரு நாள் அந்த பேண்ட் போர்க்களத்துத் தெரு வழியாகவே ஊர்வலம் போனது. சூதாடிகள், போக்கிரிகள் என்று எல்லோரும் நம்ம மேயான் மகன் வாசிக்கிறான்டா என்று ஓடி வந்து காசை அள்ளிப் போட்டார்கள். ஊர் தன்னை முதல்முறையாகப் பெருமையோடு பார்த்த நாள் அதுதான்.

வெளியே வந்த மறுவருஷம் இன்னொரு பொறுப்பு. உறவுக்காரப் பெண் ஃப்ளோரா ஒரு குழந்தையைப் பெற்றுவிட்டு இறந்துபோனார். அந்தக் குழந்தைதான் கிளாரன்ஸ். லூயிக்கு அப்போது 14 வயசு. பகலில் கரிவண்டி, ராத்திரியில் வாசிப்பு, அந்தச் சம்பாத்தியத்தில் குழந்தைக்குப் பால். பின்னர் கிளாரன்ஸைச் சட்டப்படி மகனாகவே ஏற்றுக்கொண்டார். சின்ன வயசில் மாடியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதால் கிளாரன்ஸின் மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டது. ஆனாலும் கடைசி வரை லூயி அவரைக் கைவிடவே இல்லை.

பாப்பா ஜோ

அந்த ஊரின் நம்பர் ஒன் கார்னெட் வாசிப்பாளர் ஜோ ஆலிவர். எல்லோரும் 'கிங்' ஆலிவர் என்பார்கள். லூயி மட்டும் 'பாப்பா ஜோ' என்பான். ஆலிவர் வீட்டுக்குக் கடைக்குப் போய்வருவான், பதிலுக்கு ஆலிவர் பாடம் சொல்லிக் கொடுப்பார், அவர் மனைவி ஸ்டெல்லா சாப்பாடு போடுவார். குருகுலவாசம்னு நாம சொல்வோமே, கிட்டத்தட்ட அதேதான். ஆலிவர் தன் பழைய கார்னெட் ஒன்றையும் அவனுக்குக் கொடுத்தார். அப்பா இல்லாத பையனுக்கு ஓர் அப்பா.

ஆலிவர் சிகாகோ போய் செட்டில் ஆனதும் லூயிக்குத் தந்தி அடித்தார். கிளம்பி வா. 1922 ஆகஸ்ட் 8, லூயி ரயில் ஏறினார். (இனிமே அவன்னு சொல்ல முடியாது. அந்த வாரம்தான் 21 முடிந்திருந்தது. நம்ம வயசு.) அம்மா கட்டிக் கொடுத்த மீன் சாண்ட்விச் கையில். போகும் ஊரில் நம்பிப் போன முகம் பாப்பா ஜோ.

அடுத்த வருஷம் முதல் ரெக்கார்டிங். இது நம்ம துறை சம்பந்தப்பட்டது, கவனிங்க. இண்டியானாவில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு ஸ்டூடியோ. ரயில் வந்தால் பதிவை நிறுத்த வேண்டும். மைக் கிடையாது, ஆம்ப்ளிஃபயர் கிடையாது. ஒரு பெரிய புனல், அதன் சின்ன முனையில் மெல்லிய தகடு. சத்தத்தின் அழுத்தத்தில் தகடு அதிரும், அதோடு இணைந்த ஊசி சுழலும் மெழுகுத் தட்டில் கோடு கீறும். அவ்வளவுதான் சிஸ்டம். ஒருத்தர் சத்தத்தைக் குறைக்கணும்னா ஒரே வழி, ஆளைப் புனலை விட்டுத் தள்ளி நிற்க வைப்பது. லூயி ஊதினால் ஆலிவர் வாசிப்பதே கேட்கவில்லை. அதனால் அவரைக் கூட்டத்தை விட்டு ரொம்பத் தள்ளி ஒரு மூலையில் நிறுத்தினார்கள்.

மூலையில் வாடிப்போய் நின்றவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அந்த பேண்டில் பியானோ வாசித்த லில் ஹார்டின். இவ்வளவு தூரம் தள்ளி நிற்க வைக்க வேண்டியிருக்குன்னா இவர் எவ்வளவு பெரிய ஆளாக இருக்கணும் என்று அவருக்கு உறைத்தது. 1924-ல் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். பாப்பா ஜோவுக்குப் பின்னால் இரண்டாவது ஆளாக நிற்கும் வரை நீ வளர முடியாது என்று லில் பிடிவாதமாகச் சொன்னார். அப்பா மாதிரி இருந்தவரை விட்டுப் போவது லூயிக்குச் சாதாரண முடிவு இல்லை. ஆனாலும் போனார்.

நியூயார்க் போய்த் திரும்பி, 1925 நவம்பரில் சிகாகோவில் 'ஹாட் ஃபைவ்' என்ற பெயரில் ரெக்கார்டிங் தொடங்கினார். பியானோவில் லில், மற்ற மூவரும் நியூ ஆர்லியன்ஸ் கூட்டாளிகள். அதுவரை ஜாஸ் என்றால் எல்லோரும் சேர்ந்து கலகலவென்று வாசிப்பது. லூயி வந்த பிறகு, மற்றவர்கள் தாளத்தையும் சுருதியையும் தாங்கிப் பிடிக்க, ஒருத்தர் தன் மனசில் அந்த நிமிஷம் தோன்றுவதை வாசிப்பது முக்கியமானது. கச்சேரியில் கல்பனாஸ்வரம் கேட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். தனியாக வாசித்தாலும் கூட இருப்பவர்கள் விட்டுக்கொடுத்தால்தான் அது நிற்கும். விட்டுக்கொடுத்த மேஜைகளில் சாப்பிட்டு வளர்ந்த லூயிக்கு அது தெரியாமலா இருக்கும்?

1928 ஜூன் 28 அன்று பதிவான 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' கேட்டுப் பாருங்க. ஆரம்பத்தில் ட்ரம்பெட் மட்டும் தனியாகச் சில விநாடிகள் ஏறி இறங்கும். ஜாஸ் வரலாற்றிலேயே அதிகம் பேசப்பட்ட விநாடிகளில் அவையும் உண்டு. அந்த மெட்டைப் போட்டது யார் தெரியுமா? கிங் ஆலிவர்.

ஆனால் ஆலிவருக்குக் காலம் நல்லதாக அமையவில்லை. பல் ஈறு நோயால் வாசிக்க முடியாமல் போனது, பணமும் போனது. 1937-ல் சவானா என்ற ஊருக்குக் கச்சேரிக்குப் போன லூயி, தெருவில் காய்கறி விற்றுக்கொண்டிருந்த தன் பாப்பா ஜோவைப் பார்த்தார். கையில் இருந்த பணத்தையெல்லாம் கொடுத்தார். கூட வாசித்தவர்களும் கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் நல்ல உடுப்பு உடுத்தி, பழைய கம்பீரத்தோடு கச்சேரிக்கு வந்து நின்றார் ஆலிவர். அடுத்த வருஷம் இறந்துபோனார்.

முதல் கிறிஸ்துமஸ் மரம்

லில்லோடு வாழ்க்கை நிலைக்கவில்லை. 1942-ல் நான்காவது கல்யாணம், லூசில் என்ற நடனக் கலைஞரோடு. அப்போது லூயி உலகப் புகழ் பெற்றவர், ஆனால் சொந்தமாக வீடு கிடையாது. வருஷம் முழுக்க பஸ், ரயில், ஹோட்டல். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு லூசில் ஹோட்டல் அறையில் ஒரு சின்ன மரத்தை வைத்து விளக்குப் போட்டார். லூயி படுக்கையில் கிடந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். 41 வயசில் அதுதான் அவருடைய முதல் கிறிஸ்துமஸ் மரம். அடுத்த ஊருக்குக் கிளம்பும்போது அந்த மரத்தையும் எடுத்துவரச் சொன்னார். பண்டிகை முடிந்த பிறகும் ஊர் ஊராக அது கூடவே போனது.

மறுவருஷம் நியூயார்க்கின் கொரோனா என்ற பகுதியில் லூசில் ஒரு வீடு வாங்கினார். (ஆமாம், ஊர் பெயரே அதுதான். வைரஸுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை.) டூர் முடிந்து டாக்ஸியில் வந்து இறங்கிய லூயிக்கு, இது தன் வீடுதானா என்று சந்தேகம். அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய மாளிகை வாங்க வசதி வந்தும் அந்தச் சாதாரணத் தெருவை விட்டு அவர் போகவே இல்லை. சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்தால் தெருப் பிள்ளைகள் சூழ்ந்துகொள்வார்கள். வீட்டுக்குள் டேப் ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருக்கும். பாட்டு மட்டும் இல்லை, சாப்பாட்டு நேரத்துப் பேச்சு, ஜோக், அரட்டை எல்லாம் பதிவு. இப்படிச் சுமார் 650 டேப்புகள் சேர்ந்தன. வீட்டுச் சத்தம் இல்லாமல் வளர்ந்தவர், வீட்டுச் சத்தத்தைச் சேமித்து வைத்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1956-ல் ஆப்பிரிக்காவின் கானா பகுதிக்குப் போனபோது, கூட்டத்தில் ஆடிய ஒரு பெண்ணின் முகம் இறந்துபோன தன் அம்மாவின் முகமாகவே இருந்ததாம். தன் முன்னோர் அந்த மண்ணிலிருந்து வந்தவர்கள் என்று அவர் நம்பினார். மறுவருஷம் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் விட மறுத்தபோது, அரசாங்கம் ஏற்பாடு செய்த சோவியத் பயணத்துக்குப் போக மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். சிரித்துக்கொண்டே இருப்பவருக்குக் கோபம் வராது என்று நினைத்தவர்கள் ஆடிப்போனார்கள். பிற வீட்டுப் பிள்ளைகளையும் தன் பிள்ளையாகப் பார்த்தவரின் கோபம் அது.

1971 ஜூலை 6, அதே கொரோனா வீட்டில் தூக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அடுத்த மாசம் சிகாகோவில் ஓர் அஞ்சலிக் கச்சேரி. பியானோவில் உட்கார்ந்தவர் லில் ஹார்டின். விவாகரத்தாகி 33 வருஷம். வாசித்துக்கொண்டிருக்கும்போதே மேடையில் சரிந்து அவரும் போய்விட்டார்.

இன்னும் சில மாசத்தில் நம்மில் பலர் ஹாஸ்டலைக் காலி பண்ணிட்டு, புனே, ஹைதராபாத், நொய்டான்னு முகம் தெரியாத ஊருக்கு ரயில் ஏறப் போறோம். அங்கே நமக்காக ஒரு பாப்பா ஜோ காத்திருப்பார்னு சொல்ல முடியாது. ஆனா யாரோ ஒருத்தர் சாப்பிட்டியாப்பான்னு கேட்பாங்க. கூச்சப்படாம உட்கார்ந்து சாப்பிடுங்க. அப்புறம் ஒரு நாள் அந்தக் கேள்வியை நீங்க வேற யாரையாவது கேளுங்க. ரயிலில் ஹெட்போன் மாட்டும்போது 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' போடுங்க. மொத்தமே மூணே கால் நிமிஷம்தான்.