காட்டன் துரை

நம்ம தேன்கனிக்கோட்டையில் வீட்டில் தெலுங்கு பேசுறவங்க நிறைய. ராஜமுந்திரிப் பக்கம் சொந்தக்காரங்க இருந்தா கேட்டுப் பாருங்க, காட்டன் துரை யாருன்னு உடனே சொல்வாங்க.

சர் ஆர்தர் காட்டன் 1803-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 18 வயசில் சென்னைக்கு வந்த ராணுவ இன்ஜினியர். அப்போ கொள்ளிடம் பள்ளமாகி, காவிரித் தண்ணியெல்லாம் அதில் ஓடிப்போச்சு. தஞ்சாவூர் வயல்கள் காய்ந்தன. 1836-ல் முக்கொம்பில் அணை கட்டித் தண்ணியைத் திருப்பினார். மணல் மேல் அணை நிற்கும் என்று அவர் கத்துக்கிட்டது நம்ம கல்லணையைப் பார்த்துத்தான்! (எனக்கு இதில் ரொம்பப் பெருமை.)

1833 பஞ்சத்தில் கோதாவரிப் பக்கம் ஜனங்க பட்டினியால் செத்தாங்க. ஆற்றுத் தண்ணியோ வீணாகக் கடலுக்குப் போனது. 1847 முதல் 1852 வரை தவளேஸ்வரத்தில் அணை கட்டினார். அவர் வெட்டின கால்வாய்களில் வயலுக்குத் தண்ணியும் போச்சு, படகும் போச்சு. படகு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்க 'லாக்கு' உண்டு. ரெண்டு கதவுக்கு நடுவே படகை நிறுத்தித் தண்ணியை மெதுவா வடியவிட்டா படகும் இறங்கிடும். பனாமா கால்வாயில் கப்பல்களும் இப்படித்தான். ஒவ்வொரு தடவையும் ஏரித்தண்ணி செலவாகும். 2023-ல் மழை குறைந்ததால் அங்கே கப்பல்களையே குறைச்சாங்க.

ரயிலைவிடக் கால்வாய்தான் மலிவு என்று அரசாங்கத்தோடு வாதாடினார் காட்டன். நம்ம பக்கம் பாறையும் மேடுமா இருக்கு, படகு விட முடியுமா? அதில் மட்டும் நான் அவர் கட்சி இல்லை!

1899-ல், 96 வயசில் இறந்தார். பழைய அணைக்குப் பதிலாகத் தவளேஸ்வரத்தில் கட்டின புது அணைக்கும் அவர் பேரைத்தான் வச்சிருக்காங்க.