ஸீபோர்த் பிரபு

ஸ்காட்லாந்து தேசத்து மலைநாட்டில் மெக்கன்ஸி என்னும் குலத்தார் நெடுங்காலமாகப் பேர்பெற்றவர்கள். அக்குலத்தின் தலைமையை வகித்த பிரான்ஸிஸ் ஹம்பர்ஸ்டன் மெக்கன்ஸி 1754-ம் ஆண்டில் பிறந்தார். சிறு பிராயத்தில் விஷஜுரம் கண்டு செவிப்புலனை அடியோடு இழந்தார். விரல்களின் சைகையாலும் எழுத்தாலுமே பிறர் கூறுவதை அவர் அறிய வேண்டியிருந்தது. ஆயினும் பார்லிமெண்டு அங்கத்தினராகவும், தாவர சாஸ்திரத்தில் தேர்ந்தவராகவும், ராயல் சொஸைட்டியின் அங்கத்தினராகவும் விளங்கினார். ஒரு பனைவகைக்கு அவர் பெயரையே சாஸ்திரிகள் சூட்டினர்.

குலத்தலைமை அவருக்கு வந்தது நமது தேசத்தில் நடந்த ஒரு மரணத்தினால். அவருடைய தமையனார் கம்பெனியின் யுத்தத்தில் ஈடுபட்டு, 1783-ல் மேல்கடற்கரையில் மஹாராஷ்டிரக் கப்பல்களுடன் நேர்ந்த போரில் காயமுற்று இறந்தார். பத்தாண்டு கழித்து, பிரெஞ்சு யுத்தம் மூண்டதும், பிரான்ஸிஸ் தம் குடிகளைத் திரட்டி 78-வது பட்டாளத்தை அமைத்தார். அப்பட்டாளமே 1803-ல் அஸ்ஸாயியில் மஹாராஷ்டிரரை எதிர்த்து நின்றது. தம் நிலத்தில் உழுதவனை அந்நியர் நிலத்தில் சாகவிடும் உரிமை குலத்தலைவனுக்கு எங்கிருந்து வந்தது என்று நாம் வினவினால், மலைநாட்டு வழக்கம் என்பதற்கு மேல் விடை கிடையாது. 1797-ல் ஸீபோர்த் பிரபு என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது.

1800-ல் அவர் பார்படோஸ் தீவின் கவர்னராக நியமிக்கப்பட்டார். அவர் வாழ்வில் நாம் பெரிதும் மதிக்கும் பகுதி இதுவே. அத்தீவின் 1688-ம் வருஷத்துச் சட்டப்படி, தன் அடிமையை வேண்டுமென்றே கொன்ற எஜமானனுக்குத் தண்டனை பதினைந்து பவுன் அபராதம் மட்டுமே. மாட்டைக் களவாடியவனுக்குத் தூக்குமரம் காத்திருந்த காலம் அது! செவி கேளாத கவர்னர் அடிமைகளின் அழுகையைக் கண்ணாலேயே கேட்டார் போலும். அக்கொலையை மரண தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டுமென்று சட்டசபையை வற்புறுத்தினார். தோட்ட முதலாளிகள் நிறைந்த அச்சபை சீறியது. அடிமைகளுக்குத் துணிவு வந்துவிடும் என்று அஞ்சியது. அவர் விடவில்லை. 1805-ல் சட்டம் நிறைவேறியது. எனினும் வெள்ளையருக்கு எதிராக அடிமையின் சாட்சியத்தை நியாயஸ்தலங்கள் ஏற்கவில்லை. சாட்சி சொல்ல முடியாத இடத்தில் சட்டத்தின் பலன் எவ்வளவு என்பதை வக்கீல் தொழில் புரிவோர் நன்கறிவர்.

அவரைத் தர்மமூர்த்தியாக்கி விடவும் நாம் சித்தமாக இல்லை. பெர்பீஸ் பிரதேசத்தில் அவருக்கே தோட்டங்கள் இருந்தன. அவற்றில் உழைத்தவரும் அடிமைகளே. கடனை அடைக்கவே அத்தோட்டங்களில் பணம் போட்டார், கடன் வளர்ந்தது. பரம்பரை நிலங்கள் ஒவ்வொன்றாக விலைபோயின. 1806-ல் பதவி நீங்கித் தாயகம் திரும்பினார்.

செவிடனான தலைவன் காலத்தில் குலம் ஆண் சந்ததியற்றுப் போகும் என்று முன்னமே ஒரு ஜோதிடன் சொன்னதாக மலைநாட்டார் கதை கூறுவர். ஜோதிடத்தை நாம் நம்புவதில்லை. ஆனால் புதல்வர் எல்லோரும் தந்தைக்கு முன்னமே மடிந்தனர். கடைசி மகனும் 1814-ல் இறந்தான். மூத்த மகள் மேரி, ஸர் ஸாமுவேல் ஹூட் என்னும் கடற்படைத் தளபதியை மணந்திருந்தாள். அத்தளபதி 1814 டிசம்பர் 24-ல் நமது சென்னையிலேயே காலமானார். அச்செய்தி கப்பலேறி ஸ்காட்லாந்து சேருமுன், 1815 ஜனவரி 11-ல் ஸீபோர்த் பிரபுவும் கண் மூடினார். விதவையான மேரியிடமே எஞ்சிய நிலங்கள் சென்றன.